மேனேஜருக்குக் கொடுத்த பழுப்புத் தண்ணீர்

எனக்குத் தேன் பிடிக்காது. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விசாரணைக்கு உட்கார்ந்தவர்கள் என்னை ஏதோ தேன் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டுதான் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

என் ஆராய்ச்சி தேனில் இல்லை, பிசினில். கூட்டில் விரிசல் விழுந்தால் தேனீக்கள் மரப்பிசினைக் கொண்டுவந்து பூசி அடைக்கும். அதைச் சுரண்டி ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, ஸ்பிரிட் ஆவியானதும் தண்ணீரில் கலக்கினால் பழுப்பாக ஒரு மருந்து வரும். கதிர்வீச்சு பட்ட உடம்பை அது காப்பாற்றும். எலிகளில் காட்டினேன். மருந்து குடித்த இருபதில் பதினாறு பிழைத்தன, குடிக்காத இருபதில் ஐந்து. எங்கள் கால்நடை மருத்துவமனையில் அதற்கு முன் யாரும் எதையும் எழுதிக் காட்டியதில்லை, லீவு லெட்டரைத் தவிர.

அடுத்து நாய்கள் வேண்டியிருந்தன. கட்டி வந்த நாய்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின் எங்களிடம் உண்டு. அதை இயக்குபவரை எல்லோரும் மெஷின் அண்ணன் என்போம். அவருடைய சொந்த நாய்க்கே தாடையில் கட்டி வந்தது. நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் அறை அறையாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருமாம், அதனால்.

தாடையில் கதிர்வீச்சு கொடுத்தால் கட்டி சுருங்கும், ஆனால் வாயெல்லாம் புண்ணாகும். புண் முற்றினால் நாய் சாப்பிடாது. சாவது பட்டினியில்தான். என் மருந்து அதற்குத்தான்.

"தம்பி, பத்தொன்பது வருஷமா அடுத்தவங்க நாயத்தான் இந்த மேஜையில படுக்க வச்சேன். இப்ப நம்ம ஆளு. உங்க மருந்த இவனுக்கும் குடுங்க" என்றார் அண்ணன்.

"தரேன் அண்ணே."

"அப்படியே அதக் குடிச்சா என் தலையில முடி வருமான்னும் பாத்துச் சொல்லுங்க."

அதே வாரம் இன்னொரு நாய் வந்தது. அதே எடை, அதே இடத்தில் கட்டி. இப்படி ஒரு ஜோடி பத்து வருடத்துக்கு ஒரு முறைகூட வாய்க்காது. ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு வெறும் தண்ணீர். வேறெப்படிச் சோதிப்பது? நாய்க்காரர்களைக் கேட்டால் இரண்டு பேருமே என் நாய்க்குத்தான் மருந்து என்பார்கள். அதனால் கேட்கவில்லை. அந்த இன்னொரு நாயின் சொந்தக்காரர் வக்கீல், பாட்டிலைத் திறந்து நக்கிப் பார்க்கிற ரகம். அண்ணன் நம்புகிறவர். நம்புகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது சுலபம்.

சர்க்கரையைக் கருக்கிக் கரைத்தேன். நிறம் சரியாக வந்தது. வாசனைக்கு மூடியின் வெளிப்பக்கம் கொஞ்சம் பிசின் தேய்த்தேன்.

மூன்றாவது வாரம் மேனேஜர் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"தம்பி, மருந்தக் கொஞ்சம் கூடக் குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்க அண்ணே."

பெரிய பாட்டிலாகக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. புண்ணில் எரியுமே என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன்.

இருபத்தாறாம் நாள் மேனேஜர் அண்ணன் மடியில் செத்தது. வக்கீலின் நாய் இன்றைக்கும் வாசலில் வருகிறவர்களைக் குரைத்து விரட்டுகிறது.

எறும்புதான் காட்டிக்கொடுத்தது. பாட்டிலில் மிச்சம் இருந்ததை அண்ணன் தரையில் ஊற்றியிருக்கிறார். மொய்த்துவிட்டது. கசக்கிற மருந்தை எறும்பு ஏன் மொய்க்கிறது என்று பாட்டிலோடு பெரிய டாக்டரம்மாவிடம் போய்விட்டார்.

விசாரணையில் டாக்டரம்மா கேட்டது நாயைப் பற்றி அல்ல, எலியைப் பற்றி.

"எலிய எப்படிப் பிரிச்சே?"

"பெட்டிக்குள்ள கைய விட்டுப் பிடிப்பேன். முதல் இருபது மருந்து இல்லாத கூண்டுக்கு. அடுத்த இருபது மருந்துக் கூண்டுக்கு."

எலிகளுக்குத் தீனி வைக்கிற பெரியவர் ஓரமாக நின்று சிரித்தார். "முதல்ல கைக்கு வர்றது ஓட முடியாத எலிங்க தம்பி. நல்லா இருக்கிறது கடைசி வரைக்கும் ஆட்டம் காட்டும். நோஞ்சானையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிட்டு, பயில்வானுங்களுக்கு மருந்து ஊத்தியிருக்கீங்க."

அடுத்த விசாரணைக்குள் சீட்டுக் குலுக்கிப் பிரித்து மறுபடியும் செய்து பார்த்தார்களாம். மருந்து குடித்ததில் ஒன்பது பிழைத்தன, குடிக்காததில் பத்து. மருந்தைக் கலக்கியது நானா? இல்லை. பிறகு வேறென்ன வரும்?

"உன் மருந்துல ஒண்ணுமில்லப்பா" என்றார் டாக்டரம்மா, காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில். "நீ அதையே குடுத்திருந்தாலும் அந்த நாய் போயிருக்கும். உன்னால செத்துச்சுன்னு நாங்க எழுதல. மருந்து வேலை செய்யலன்னு நீ ஒரு வரி எழுதிக் குடு. ஏமாத்தினதுக்கு ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும்."

அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாளாகியிருக்கும்.

"எழுதிடு தம்பி" என்றார். "என்ன குடுத்திருந்தாலும் பொழச்சிருக்காதுன்னு தெரிஞ்சா எனக்கும் தூக்கம் வரும்."

ஒரு மனிதரின் தூக்கத்துக்காக உண்மையை மாற்றி எழுதச் சொல்கிறார்கள், படித்தவர்கள். தாளை வாங்கி எழுதினேன்:

'என் மருந்து வேலை செய்யும். கொடுத்திருந்தால் மேனேஜர் பிழைத்திருக்கும். அது தெரிந்தேதான் கொடுக்கவில்லை. நான்தான் கொன்றேன்.'

கையெழுத்துப் போட்டு, அண்ணன் படிக்கட்டும் என்று அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன். இரண்டு முறை படித்தார். எழுந்து போய்விட்டார். இந்த ஜனங்களுக்கு ஆராய்ச்சி என்றால் ஒரு மரியாதையே கிடையாது.