டிராகன் பழம் தின்ற மறுநாள்

என் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று அன்று காலை நானே முடிவு கட்டிவிட்டேன். கழிவறையில் கண்ட சிவப்பு அப்படி. ஆவடியில் ஒரு கிளினிக்கில், வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"காலைல ஒண்ணுக்கு ரத்தமா போச்சு மாமே."

"நேத்து இன்னா துன்ன?"

"டிராகன் பழம் ரெண்டு. உள்ள செக்கச்செவேல்னு இருந்துச்சு."

"அந்தச் சாயம்தான் மச்சான். அது ஒரு கள்ளிப்பழம்."

"கள்ளியா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "கள்ளிப்பால் உள்ள போனா ஆளே காலின்னுவாங்களே. ஊட்ல கொழந்தையும் துன்னுச்சு மாமே."

"பால் வர்ற கள்ளி வேற. இத்த எங்க மொட்டமாடில வளத்துகினு கீறேன். இலையே கெடையாது, மூணு பட்டையா பச்சத் தண்டுதான். ஓரத்துல முள்ளு. வெட்டினா வெறும் தண்ணிதான் வரும். உக்காரு."

"நீ இன்னா டாக்டரா?"

"இல்லன்னுதான டாக்டராண்ட கூட்டியாந்தேன்."

அவருடைய சிறுநீரைச் சோதித்தார்கள். என்னுடையதையும் சோதித்தார்கள். இரண்டிலும் ரத்தம் இல்லை. முந்தின நாள் நானும் தின்றிருந்த அதே பழத்தின் சாயம்தான்.