கடுங்கோப்பி நிறம்

வீட்டுக்குப் பின்னால் திறந்த தளமாகப் போடும் டெக் பலகையின் நிறத்தைக் கடைக்குள் நின்று தெரிவுசெய்யக் கூடாது. மாதிரித் துண்டை வெளியே கொண்டுபோய், வெயிலில் ஒரு மணித்தியாலம் போட்டுவிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். மொன்றியலுக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் கட்டடப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். என் தங்கை ஜொய்சிக்கு மட்டும் சொல்லவில்லை.

தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று உங்கள் சட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். நன்றி. ஜொய்சியும் அவள் கணவன் றஜிந்தனும் அரிசோனாவில் தங்கள் வீட்டுக்கு டெக் போட்டுக் கொடுத்தவர்மீது வழக்குத் தொடர உங்களிடம் வந்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அவருடைய வேலையில் பிழை இல்லை. மரத்தூளையும் பிளாஸ்ரிக்கையும் சேர்த்துச் செய்யும் கொம்போசிற் பலகை பாலைவன வெயிலில் நீளும், குளிர்ந்ததும் சுருங்கும். அதற்கு வேண்டிய இடைவெளி விட்டிருக்கிறார். அடியில் காற்றுப் போகவும் வழி வைத்திருக்கிறார். தொழில் தெரிந்த மனிதர். அவர்மேல் வீண்பழி விழக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டது நான். கர்க்லாண்டில் என் வீட்டில் பதினான்கு வருடம் இருந்தார். நான் கலியாணம் செய்யவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முற்றி, இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போய்விட்டது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. தினமும் மாலையில் பாதத்தைப் பார்க்க வேண்டும், சின்னக் காயம்கூட விடக்கூடாது என்று டொக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே வேலையால் வந்ததும் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் காலை மடியில் வைத்துக் கழுவித் துடைத்து, விரலிடுக்கெல்லாம் பார்ப்பேன். அந்த நேரத்தில்தான் ஜொய்சி வீடியோவில் வருவாள். என் தலை மறைக்காதபடி அப்பா போனை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

"உன்னைப் பாத்தாத்தான் எனக்கு அண்டைக்குச் சாப்பாடே இறங்கும்," என்று அவளுக்குச் சொல்வார். அவர் சாப்பிட்ட கோப்பையைப் பிறகு நான் எடுத்துக் கழுவுவேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

போன வருடம் செப்ரெம்பரில் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அங்கே சமையலுக்கு நிற்கும் றோசலின் அக்கா வந்து என் தோளைத் தொட்டார்.

"என்ன அக்னெஸ், அப்பா மகளிட்டப் போய் இருக்கப் போறாராமே. உமக்கும் இனி ஆறுதல்தான்."

எனக்கு அதுவரை தெரியாது. அப்பா எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டு, காரில் வரும்போதுதான் எனக்குச் சொன்னார், இங்கே குளிர் தாங்க முடியவில்லை என்று. நான் ஓம் என்றேன். ஆனால் றோசலின் அக்கா சொன்ன ஒரு சொல் என்னை விட்டுப் போகவில்லை. அவரிடம் அப்பா சொன்னது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மகளிட்டப் போறன். மகள் என்றால் ஜொய்சி. நான் அக்னெஸ்.

அடுத்த வாரம் ஜொய்சி எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, அப்பா வாறதுக்கிடையில பின்பக்கம் பெரிய டெக் ஒண்டு போடப் போறம். எந்தப் பலகை நல்லதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கெண்டால் மணல் நிறம் பிடிச்சிருக்கு."

அவளுடைய தெரிவு சரியானது. வெளிர்நிறம் சூட்டைக் குறைவாகப் பிடிக்கும். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

எங்கள் கடைக்குப் பின்னால் லொறிகள் திருப்பும் வெளி இருக்கிறது. மதிய இடைவேளையில் இரண்டு துண்டுகளை அங்கே வெயிலில் வைத்தேன். ஒன்று மணல் நிறம், மற்றது கடுங்கோப்பி நிறம். ஒரு மணித்தியாலம் கழித்துச் சூடு பார்க்கும் கருவியைப் பிடித்தேன். மணல் நிறம் நாற்பத்தொரு பாகை காட்டியது. கடுங்கோப்பி ஐம்பத்தெட்டு. அன்று மொன்றியலில் வெக்கை வெறும் இருபத்தேழு. கடுங்கோப்பியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஐந்துவரை எண்ண முடிந்தது. பாலைவனத்தில் ஜூன் மாதம் எவ்வளவு வரும் என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொண்டேன். வேலையில் எதையும் உத்தேசமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அன்று பின்னேரம் ஜொய்சிக்கு நீண்ட செய்தி ஒன்று அனுப்பினேன். அது உங்களிடம் இருக்கிறது. மேற்பூச்சு நான்கு பக்கமும் உள்ள பலகை வாங்கு, ஆணி தெரியாத பிடி போடு, இடைவெளி இவ்வளவு விடு என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாம் சரியான விடயங்கள். கடைசியில் இரண்டு வரி. மணல் நிறம் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், அப்பாவுக்குக் கண்புரை வெட்டியிருக்கிறது, கடுங்கோப்பி நிறம் எடு. மேலே கூரை போடாதே, அப்பாவுக்கு வானம் பார்க்கப் பிடிக்கும்.

"எவ்வளவு யோசிக்கிறீங்கள் அக்கா," என்று பதில் போட்டாள்.

உண்மையில் நிறைய யோசித்திருந்தேன்.

அப்பாவின் காலில் உணர்ச்சி இல்லாதது ஜொய்சிக்குத் தெரியாது. "அவளுக்குச் சொல்லாதை, பயந்திடுவாள்," என்று அப்பாதான் சொல்லியிருந்தார். நான் அவர் சொல்லைத் தட்டியதில்லை. மார்ச் மாதம் அவருடைய பெட்டியை அடுக்கியதும் நான்தான். மருந்துகள், வேட்டி, செபமாலை எல்லாம் வைத்தேன். வீட்டுக்குள் போட்டுத் திரிவதற்கென்று டொக்டர் எழுதிக் கொடுத்த தடித்த செருப்பும் முதலில் இருந்தது. பிறகு நிறை கூடிவிட்டது என்று அதை எடுத்து வெளியே வைத்தேன். நிறை கூடவில்லை. விமான நிலையத்தில் இன்னும் மூன்று கிலோ வைக்கலாம் என்றார்கள்.

அங்கே போன பிறகு அப்பா சனிக்கிழமைகளில் எனக்கு எடுப்பார். இரண்டு நிமிடம் வரும். எந்தக் குளிசையை எப்போது விழுங்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

இப்போது அவர் திரும்பவும் என்னோடுதான் இருக்கிறார். வெந்த புண் ஆறாமல், இடது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வலதில் விரல்கள் இல்லை. இனி அவரால் எங்கும் போக முடியாது. ஜொய்சி அழைத்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டார், அவளும் அழுதுகொண்டு வைத்துவிடுவாள். டெக்கைப் பார்க்க முடியாமல் பின்பக்கத் திரையை எந்நேரமும் மூடி வைத்திருக்கிறாளாம். அது அவள் பிழையில்லை என்று நான் பல தடவை சொல்லிவிட்டேன்.

கடைசியாக, ஜூன் மாத அழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பா டெக்கில் விழுந்த நேரத்தில் அவருடைய போனில் இருந்தது யார், பதினொரு நிமிடம் என்ன பேசினார்கள் என்று. வீடியோவில் நான்தான் இருந்தேன். அங்கே பகல் பன்னிரண்டரை. ஜொய்சியும் றஜிந்தனும் கடைக்குப் போயிருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அப்பா வெளியே வந்தார்.

"இஞ்ச பார் அக்னெஸ், ஜொய்சி எப்பிடிக் கட்டியிருக்கிறாள் எண்டு."

போனைக் கீழே சரித்துப் பலகையைக் காட்டினார். வெறும் பாதங்கள் தெரிந்தன. வடிவாக இருக்கிறது என்றேன். அந்த மூலையையும் காட்டுங்கோ என்றேன். நடந்துபோய்க் காட்டினார். பூச்சாடிகளைக் காட்டினார். வேலிக்கு அப்பால் தெரிந்த மலையைக் காட்டச் சொன்னேன், கைப்பிடியில் சாய்ந்து நின்று காட்டினார். அது என்ன மரம் என்று கேட்டேன். அவருக்குப் பெயர் தெரியவில்லை, யோசித்தார். ஒன்பதாவது நிமிடம் போல, "கால் வழுக்குது பிள்ளை, ஆரோ தண்ணி ஊத்தியிருக்கினம் போல," என்றார். அங்கே தண்ணீர் இல்லை. ஓம் அப்பா, பாத்து நில்லுங்கோ என்றேன். பிறகு அவருடைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்டேன்.

உள்ளே போகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். இத்தனை வருடத்தில் அப்பா என்னோடு பதினொரு நிமிடம் சிரித்துக் கதைத்தது அன்றைக்குத்தான். அதை நானே எப்படி இடையில் நிறுத்துவது?