அந்தோனியார் நின்ற இடம்

ஷெல் விழுகிறது. ஏழாவது. பள்ளிக்கூடப் பக்கம். தெற்கே ஷெல்லை ஏவுகிற குத்துச் சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவேன். ஒன்பதுக்குள் விசில் வரும். விசில் தலைக்கு மேலே நின்றுபோனால் படுக்க வேண்டும். கடந்து போனால் ஓடலாம். இது கடந்தது. ஓடுகிறேன்.

புதன்கிழமை. விடிய ஐந்து மணி இருபது. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. சைக்கிள் பாரில் டிலக்சன், நீ இருக்கிறாய். ஐந்து வயது. என் முதுகில், சேலையால் கட்டியபடி, நிறோசா. இரண்டு வயது. நிறோசா அழவில்லை. டிலக்சன், நீ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தாய். நிற்பாட்டு என்றேன். உன் கை நிற்கவில்லை.

உங்கள் அம்மா ஸ்ரெல்லா பின்னால் நின்றார். தேவன் மாமாவும் நின்றார். பங்கர் வாசலில் மண் சரிந்து மூடிவிட்டது. உள்ளே தகரப் பெட்டி. அதற்குள் உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழும் குடும்ப அட்டையும். அட்டை இல்லாவிட்டால் ஆமிக் காவலரணில், சென்ரியில், விட மாட்டார்கள். அம்மா கையால் மண்ணைத் தோண்டினார். தேவன் அகப்பையால் தோண்டினான். மண்வெட்டியைத் தேட நேரம் இல்லை.

"நீங்கள் பிள்ளையளைக் கொண்டு போங்கோ! நாங்கள் பின்னால வாறம்!"

அது அம்மா. நான் படலையடியில் நின்று கத்தினேன்.

"அந்தோனியாரில திரும்புங்கோ! நேர போகாதேங்கோ! அந்தோனியாரில திரும்புங்கோ!"

"ஓம் அத்தான்! அவரிட்ட வழி கேட்டுக் கேட்டு வாறம்!"

அது தேவன். ஷெல்லுக்குள்ளேயும் பகிடி விட்டான். பத்தொன்பது வயது. அக்காவைப் பார்க்க மன்னார்த் தீவிலிருந்து வந்து எட்டு நாள்.

அந்தோனியார் யார், ஏன் அவரில் திரும்ப வேண்டும் என்று நீங்கள் அறிய வேண்டும். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

இந்த நாடு ஒரு தீவு. அந்தக் காலத்தில் ஒரு கோடு அதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் அரசாங்கத்தின் ஆமி. மறுபக்கம் அதோடு சண்டை பிடித்த இயக்கம். சமாதானம் என்று சொன்ன வருடங்களிலும் கோடு இருந்தது. அது எல்லையா, அல்லது சண்டையைச் சும்மா நிறுத்தி வைத்த இடமா? இரண்டு பகுதியும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எல்லை என்றால் இரண்டு நாடு. நிறுத்தி வைத்த இடம் என்றால் ஒரு நாடு. பெரிய மேசைகளில் அதைத்தான் கதைத்தார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்புவரை. எனக்கு அந்தப் பேச்சு முழுக்க விளங்காது. ஆனால் கோடு எங்கள் ஊர் விளிம்பில் ஓடியது. எங்களுக்கு அது ஒரு துண்டு வயலும் ஒரு பாதையும்.

ஊரிலிருந்து வருகிற மணல் பாதை ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் வாய்க்கால் கட்டு. அதால் போனால் சென்ரி, பிறகு நறுவிலிக்குளம். நேரே பழைய வண்டில் பாதை. அங்கே மிதிவெடி. யார் புதைத்தது என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் காட்டினார்கள். ஒரு மாடு அதில் சிதறிப் போனது. அதற்குப் பிறகு ஊர்ச்சனம் கூடி, பாதை பிரிகிற இடத்தில் ஒரு தார்ப் பீப்பாவைக் கவிழ்த்து, அதன் மேல் புனித அந்தோனியார் சுருபத்தை வைத்தோம். மரச் சுருபம். இரண்டு சாண் உயரம். மேலே ஒரு தகரம். பலகையில் எழுதி வைத்தால் யாராவது பிடுங்குவார்கள். அந்தோனியாரை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று நினைத்தோம்.

பிறகு சமாதானக் கண்காணிப்புக் குழு வந்தது. வெள்ளை வாகனம். ஆமி அதிகாரியும் வந்தார், இயக்கப் பொறுப்பாளரும் வந்தார். ஒரு பகுதி கோடு வாய்க்காலுக்குக் கிழக்கே என்றது. மற்றப் பகுதி மேற்கே என்றது. வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றார்கள். இருவருக்கும் அந்த நிலம் வேண்டும். கடைசியில் வெள்ளைக்காரர் அந்தோனியாரைக் கையால் காட்டினார். அங்கே வரை இது, அங்கேயிருந்து அது. கடதாசியில் படம் கீறினார்கள். ஒரு சிலுவைக் குறி. பக்கத்தில் "சிலை" என்று எழுத்து. தூரம் எழுதவில்லை. இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

கரைவலை இழுக்கிற சூசைமுத்து அண்ணன் என் பக்கத்தில் நின்றார்.

"பாவமடா அந்தோனியார். இனி ரெண்டு சென்ரிக்கும் ஐடென்ரி காட்ட வேணும்."

"பாஸ் எடுத்தவரோ எண்டு கேளுங்கோ அண்ணன்," என்று அம்மா சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஒரு ஆமிக்காரனும் சிரித்தான், விளங்காமலே.

அன்றிலிருந்து ஊரில் ஒரு சொல். அந்தோனியாரில திரும்பு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அதுதான். மாடு தேடிப் போகிறவனுக்கும் அதுதான். அம்மா மன்னார்த் தீவில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. தேவனுக்கு ஒன்றுமே தெரியாது. இருவருக்கும் தெரிந்த ஒரே அடையாளம் அவர்தான்.

ஐந்து மணி நாற்பது. அந்த இடத்துக்கு வருகிறேன். இடம் மாறிக் கிடக்கிறது. பனைகள் முறிந்து பாதைக்குக் குறுக்கே விழுந்திருந்தன. புகை. தகரத்தைக் காணவில்லை. பீப்பா வாய்க்காலுக்குள் உருண்டு கிடந்தது. அந்தோனியார் மணலில் முகம் குப்புறக் கிடந்தார். அவர் கையில் இருந்த குழந்தை யேசுவின் தலை உடைந்திருந்தது.

எங்கள் சனம் ஓடும்போது சுருபத்தை விட்டுவிட்டு ஓடுவதில்லை. சட்டியை விடுவோம். ஆட்டை விடுவோம். சுருபத்தை விட மாட்டோம். என் தகப்பன் ஒருமுறை மாதாவைத் தலையில் வைத்துக்கொண்டு மன்னார்ப் பாலம் கடந்தவர். அப்படிச் செய்வதற்கு யாரும் நின்று யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. சுருபத்தைத் தூக்கினேன். மண்ணைத் துடைத்தேன். காலில் முத்தமிட்டேன். சீனிச் சாக்குக்குள் வைத்துக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். அந்தோனியாரே, ஸ்ரெல்லாவையும் தேவனையும் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று சொன்னேன்.

அதைச் சொல்லிக்கொண்டே அவரை அந்த இடத்திலிருந்து கொண்டு போனேன்.

பிள்ளைகளே, சுருபத்தை நிமிர்த்தி அதே இடத்தில் வைத்திருக்கலாம். ஒரு நிமிடம் கூட ஆகாது. இல்லாவிட்டால் அந்தத் திருப்பத்திலேயே நின்றிருக்கலாம். எட்டாவது ஷெல் வாய்க்காலுக்கு அப்பால் விழுந்தது. உங்களோடு நிற்கப் பயந்தேன்.

ஆறு மணி இரண்டு. வாய்க்கால் கட்டில் பாதித் தூரம். பின்னால் ஒரு சத்தம். விசில் இல்லை. ஷெல் என்றால் விசில் இருக்கும். இது நிலத்துக்குள்ளிருந்து ஒரே அடி. பிறகு மண் திரும்பி விழுகிற சத்தம், மழைபோல.

தேவன் கத்தினான். "அக்கா! அக்கா!"

நான் சைக்கிளைத் திருப்பினேன். "அசையாதே!" என்று கத்தினேன். "தேவன், நிண்ட இடத்தில நில்! அசையாதே!"

கேட்டிருக்காது. ஆறு மணி மூன்று. இரண்டாவது அடி.

பிறகு அவன் குரல். மெல்லியதாக, ஆனால் சொல் தெளிவு.

"அத்தான், வராதீங்கோ! பிள்ளையளோட வராதீங்கோ!"

நான் போகவில்லை. அதையும் எழுத வேண்டும். உங்களை வரம்பில் இறக்கிவிட்டு நான் மட்டும் போயிருக்கலாம். நிறோசா முதுகில் நித்திரை. டிலக்சன், நீ மணியை அடிப்பதை நிறுத்தியிருந்தாய். சைக்கிளை மறுபடி திருப்பினேன். அவன் கூப்பிடுகிற சத்தம் கட்டு வளைகிற இடம்வரை கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவன் நிறுத்தினானா, நான் தூரம் வந்தேனா, தெரியாது.

ஏழு மணிக்குச் சென்ரி. அட்டை இல்லாமலே விட்டார்கள். எல்லாரையும் விட்டார்கள். அன்றைக்கு அட்டை கேட்கவே இல்லை.

எனக்கு அப்போது ஒன்றுதான் வேண்டும். இருவரையும் எடுக்க வேண்டும். தேவனுக்கு உயிர் இருக்கலாம். சென்ரியில் சொன்னேன். அதிகாரி கோடு கீறிய அந்தப் படத்தை எடுத்து வரச் சொன்னார். மேசையில் விரித்தார். மொழிபெயர்க்கிறவர் கேட்டார்.

"சிலைக்கு இங்காலயோ அங்காலயோ?"

"அங்கால. வண்டில் பாதையில."

"அப்ப அது எங்கட ஏரியா இல்லை. சிலை எங்க?"

சாக்கை மேசையில் வைத்தேன். அவிழ்த்தேன். வாசலில் நின்ற ஒரு ஆமிப் பொடியன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டான். நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கனாக இருக்க வேண்டும். அதிகாரி படத்தைப் பார்த்தார். அந்தோனியாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது நிண்ட இடம் எது?"

கூட்டிக்கொண்டு போனால் காட்டுகிறேன் என்றேன். போக அனுமதி இல்லை. கோட்டைக் கடக்க மற்றப் பகுதி எழுதித் தர வேண்டும். பின்னேரம் மற்றப் பகுதியிடமிருந்து பதில் வந்தது. சிலை மேற்கே நின்றதாம். ஆகவே அந்த இடம் ஆமியுடையதாம். ஆமி, சிலை கிழக்கே நின்றது என்றது. பார்த்தீர்களா? வயலாக இருந்தபோது இருவரும் தங்களுடையது என்றார்கள். இரண்டு பேர் விழுந்தபின் இருவரும் மற்றவருடையது என்கிறார்கள்.

வியாழக்கிழமை வெள்ளை வாகனம் வந்தது. அந்தப் படம் சரி, ஆனால் சிலை இல்லாமல் படத்தை நிலத்தில் வைக்க முடியாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பாதர் வெள்ளைக் கொடியோடு வந்தார். வாய்க்கால் கட்டுவரை போனார். திருப்பி அனுப்பினார்கள். சனிக்கிழமை வடக்கே காகங்கள் சுற்றியதைக் கண்டேன். ஞாயிறு விடிய நான்கு மணிக்கு மல்டி பரல் ரொக்கெட் அடி தொடங்கியது. சென்ரியும் பின்னுக்குப் போனது. எங்களை லொறியில் ஏற்றினார்கள்.

நறுவிலிக்குளத்தில் மரத்தடியில் பதினாறு நாள் இருந்தோம். சனம் வரிசையில் வந்து அந்தோனியாரை முத்தமிட்டது. "இவர்தான் புண்ணியாளரைக் காப்பாத்தினவர்" என்று சூசைமுத்து அண்ணன் என்னைக் காட்டி எல்லோருக்கும் சொன்னார். அவர் நல்ல மனதோடு சொன்னார். நான் எழும்பிப் போய்க் கிணற்றடியில் இருந்தேன். பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அது பாவமில்லை மகன், பக்தியில செய்தனீர் என்றார். பாவமில்லாவிட்டால் மன்னிப்பும் இல்லை. அப்படியே திரும்பி வந்தேன்.

சண்டை முடிந்து ஊருக்குப் போனேன். இடம் இல்லை. புல்டோசரால் பெரிய மண் அணை போட்டிருந்தார்கள். பாதை பிரிந்த இடம் எதுவென்று என்னாலும் சொல்ல முடியவில்லை. வாய்க்காலையும் திருப்பிவிட்டார்கள். மிதிவெடி எடுக்க வந்தவர்களிடம் எலும்பு ஏதாவது கண்டீர்களா என்று கேட்டேன். ஆட்டெலும்பு என்றார்கள். ஆடா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

இப்போது நாங்கள் உப்புக்குளத்தில் இருக்கிறோம். நான் மீனுக்கு ஐஸ் போடுகிற வாடியில் வேலை. அம்மாவின் மரணப் பதிவுக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினேன். படிவத்தில் ஒரு பெட்டி. இறந்த இடம். ஒரு கிராம விதானையார் அது தன் பிரிவில் இல்லை என்றார். அடுத்த விதானையாரும் தன் பிரிவில் இல்லை என்றார். புதிய வரைபடத்தில் அந்த இடம் காடு. போன மாதம் ஒரு கந்தோரில் வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளை, நல்ல பிள்ளை, கதிரை தந்து இருத்திச் சொன்னா.

"ஐயா, காணாமற்போனவர் எண்டு போடுவம். அப்ப இடம் தேவையில்லை. இண்டைக்கே தரலாம்."

"அவ காணாமப் போகேல்லை, பிள்ளை. எங்க எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப இடத்தைச் சொல்லுங்கோ ஐயா."

சொன்னேன். எழுதத் தொடங்கினா. பிறகு பேனையை வைத்துவிட்டா.

டிலக்சன், நிறோசா, இதை நான் உங்களுக்கு வாயால் சொன்னதில்லை. அம்மா ஷெல்லில் செத்தவ என்றுதான் சொல்லி வளர்த்தேன். நாளை உங்கள் பிள்ளைகள் கேட்டால் இழந்த கணக்கை இப்படிச் சொல்லுங்கள்.

ஸ்ரெல்லா. என் மனைவி. வயது இருபத்தொன்பது.

தேவன். அவர் தம்பி. வயது பத்தொன்பது.

வீடு ஒன்று. ஆடு ஆறு. பிறப்புச் சான்றிதழ் இரண்டு.

எடுத்த சடலம், ஒன்றும் இல்லை. கல்லறை, இல்லை. மரணப் பதிவு, இல்லை.

மிதிவெடி இரண்டு. புதைத்தவர் யார் என்று இன்றுவரை எவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடையாளத்தை எடுத்தவன் ஒருவன். அது நான்.