பொய் வெயில்

தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் செய்கிற தவறு, வானத்தைப் பார்த்து மாதத்தை முடிவு செய்வது. கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களிடம் இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். உங்களுக்கும் குடும்பத்தோடு போகிற எண்ணம் இருந்தால், ஐயா, ஜனவரி கடைசியில் போங்கள். பிப்ரவரியில் கூட்டம் சேர்ந்துவிடும்.

நான் அந்தத் தீவுக்குப் போனதே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களை அனுப்பிவைத்தே என் காலம் ஓடிவிட்டது. எங்கள் டிராவல்ஸ் சிறியது. இரண்டு மேஜை, ஒரு கண்ணாடிக் கதவு, சுவரில் வெளுத்துப்போன கடல் படம். ஆனால் எங்கள் மாதத் தாளைப் போல ஒன்று வேறு எங்கும் கிடையாது. பன்னிரண்டு கட்டங்கள். காற்று எந்தப் பக்கம், மழை எத்தனை நாள், எந்தக் கரையில் குளிக்கலாம் என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். திரும்பி வந்தவர்களைத் துருவித் துருவிக் கேட்டு வருடா வருடம் திருத்துவேன். ஆபீசில் எனக்குப் பஞ்சாங்கம் என்று பெயர். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் கட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜூலையோடு மழை நின்றுவிடும். வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ஆனால் அதற்குள் காற்று திசை மாறியிருக்கும். கிழக்குக் கரையில் கடல் மேலே சாதுவாகக் கிடக்கும், கீழே ஆளை உள்ளே இழுக்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் பொய் வெயில். வாடிக்கையாளர் காதில் இந்த வார்த்தை விழக் கூடாது, பயந்துவிடுவார்கள். ஆகஸ்டில்தான் போவேன் என்பவர்களுக்கு மேற்குக் கரையில் அறை போட்டு, தாளில் கிழக்குக் கரையைச் சிவப்புப் பென்சிலால் அடித்துக் கொடுத்துவிடுவோம். அதுதான் எங்கள் முறை.

இனி என் தங்கை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. வளர்த்தது நான். தலையில் தண்ணீர் ஊற்றினாலே வீடு அதிரக் கத்துவாள், அவ்வளவு பயம். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் கணுக்கால் நனைகிற இடத்தோடு சரி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் வேண்டாம் என்றுதான் இருந்தாள். முப்பத்து நான்கு வயதில், அவள் கணக்கு எழுதும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நீச்சல் வாத்தியார் வந்து சேர்ந்தார்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. குடி இல்லை, கோபம் இல்லை. எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினார். குழாய் ஒழுகினால் அவரே சரிசெய்வார். என்னை வாய் நிறைய மச்சான் என்று கூப்பிடுவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டு வருடம் நானும் ஒத்துப்போனேன். பிறகு வேறு ஊரில், பெரிய நீச்சல் குளம் உள்ள ஒரு பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. ரயிலில் ஒன்றரை நாள்.

சாப்பாட்டு மேஜையில்தான் சொன்னாள். "அண்ணா, செப்டம்பர்ல கிளம்பறோம். நீயும் வேலைய விட்டுட்டு எங்களோடயே வந்துடேன்."

அந்த "வந்துடேன்" எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டிலிருந்து என்னையே விருந்தாளியாகக் கூப்பிட்டது போல இருந்தது. எனக்கு வலித்தது, ஐயா. அதை மறைக்கவில்லை. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவும் இல்லை. இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளைதான் தொடங்கினார். "மச்சான், ஊர் மாறுறதுக்கு முன்னாடி இவள ஒரு தடவ உங்க தீவுக்குக் கூட்டிட்டுப் போகணும். எப்போ போனா நல்லா இருக்கும்? உங்களுக்குத் தெரியாததா?"

"ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் போங்க மாப்பிள்ளை. மழை இருக்காது, கூட்டம் இருக்காது. கடலைப் பாத்த மாதிரி ரூம் போட்டுத் தரேன்" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிழக்குக் கரையில் எட்டு அறை உள்ள ஒரு சின்ன விடுதியைப் பிடித்தேன். பெரிய ஹோட்டல்களில் சிவப்புக் கொடி நடுவார்கள், காவலுக்கு ஆள் நிற்பான். இங்கே அதெல்லாம் இல்லை. மாதத் தாளில் பென்சிலைத் தொடாமல் அப்படியே மடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன்.

விடுதிக்காரர் ஒரு முறை போன் செய்தார். "ஆகஸ்ட்ல இந்தப் பக்கம் யாரையும் அனுப்ப மாட்டீங்களே சார்?"

"நம்ம வீட்டு ஆளுங்கதான். எல்லாம் சொல்லிட்டேன். நீங்க வேற சொல்லிப் பயமுறுத்தாதீங்க, தங்கச்சி பயந்த சுபாவம்" என்றேன். இது மட்டும் பொய். அவரை விசாரித்தால் நினைவிருக்கும் என்று சொல்வார்.

மாப்பிள்ளை குளத்தில் நீந்திப் பழகியவர். நான்கு சுவருக்குள் இருக்கிற தண்ணீர்தான் அவருக்குத் தண்ணீர். தெளிந்த கடலைக் கண்டால் இறங்காமல் இருக்க மாட்டார். அவள் மணலில் நிற்பாள். அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பி வருவாள். அவளுடைய அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன். ஜன்னலுக்குப் புதுத் திரையும் போட்டேன். நான் யோசித்தது இவ்வளவுதான்.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. மீன்பிடிப் படகுக்காரர்கள் ஒருவரைத்தான் உயிரோடு எடுத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மச்சான் அவள கொன்னுட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்கூல் குளத்துல நீச்சல் கத்துக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்ல வேணாம், ஒரு நாள் அண்ணன் முன்னாடி நீந்திக் காட்டணும்னா. நான் உள்ள போறதப் பாத்துட்டு இறங்கிட்டா. வராத வராதன்னு கத்தினேன், கேக்கல."

சனிக்கிழமைகளில் அவள் ஈரத் தலையோடுதான் வருவாள். கேட்டால் மழையில் நனைந்துவிட்டேன் என்பாள். ஆயிரம் மைலுக்கு அப்பால் எந்தத் தேதியில் மழை என்று சொல்லத் தெரிந்த நான், என் வாசலில் மழை பெய்ததா என்று ஒரு சனிக்கிழமைகூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வருடம். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மாப்பிள்ளை இப்போது என்னோடுதான் இருக்கிறார். புது வேலைக்குப் போகவில்லை. வெள்ளையடித்த அறையில் படுத்துக்கொண்டு, தன் மேல்தான் தப்பு என்று தினமும் சொல்கிறார். நான் சோறு போட்டு, சாப்பிடச் சொல்வேன். இல்லை என்று நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

விபத்து என்று நீங்கள் கோப்பை மூடி ஐந்து மாதம் ஆகிறது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பிறகு எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். போன வாரம் அவருடைய வாக்குமூலத்தின் நகல் தபாலில் வந்தது. இரண்டாம் பக்கத்தில், "என்னைக் காப்பாற்றத்தான் என் மனைவி கடலில் இறங்கினாள்" என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை.

மாதத்தைச் சொன்னது நான், ஐயா. கரையைத் தேர்ந்தெடுத்தது நான். விடுதிக்காரர் வாயை அடைத்ததும் நான். மாப்பிள்ளையைக் கொல்லத்தான் அனுப்பினேன். தங்கை செத்ததும் என்னால்தான். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் அவருக்காக இறங்கினாள் என்கிற அந்த வரியை அடித்துவிடுங்கள். அண்ணன் சொன்னதைக் கேட்டுப் போனாள் என்று எழுதுங்கள். அவள் எப்போதும் என் பேச்சைத்தான் கேட்பாள்.