தேசிய நாள் விருந்து

அபுதாபியிலிருந்து ஷார்ஜா போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. சன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு கறுப்புக் கோட்டை மடித்து வைத்திருந்தார்.

"நேத்து எங்க எம்பசி விருந்துல நானும் ஒரு விருந்தாளி" என்றார் அவர்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "நீ அங்க டிரைவர்லா?"

"அவியளுக்கு நேத்து தேசிய நாள். எல்லா எம்பசிக்கும் கல்யாணப் பத்திரிகை வைக்க மாதிரி நாந்தான் கார்டு கொண்டு குடுத்தேன். அந்த நாட்டோட யாரும் பேச்சுவார்த்தை வச்சுக்கிறதில்லல்லா, ஒருத்தரும் வரல. மட்டனெல்லாம் செஞ்சது செஞ்சபடி இருக்கு. எனக்கும் சமையல்காரருக்கும் கோட்டை மாட்டி, போட்டோவுக்கு நிக்க வச்சிட்டாவ."

"போட்டோ எதுக்கு?"

"அவிய ஊர் டிவியில காட்டணும்லா, நம்மளையும் நாலு பேரு மதிக்கான்னு."

"அம்பாசடர் எங்க இருந்தாரு?"

"வாசல்லயே நின்னாரு, வாறவங்களுக்குக் கை குடுக்க. ரொம்ப நேரம் பாத்துட்டு நான் கிட்டப் போயி, 'ரோட்டுல டிராஃபிக் சார், வந்துருவாங்க'ன்னேன்."

இப்போது மற்றவர் சிரிக்கவில்லை. "அதுக்கு என்ன சொன்னாரு?"

டிரைவர் கோட்டின் கையைச் சுருக்கம் போக நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கை குடுத்தாரு. குடுத்துட்டு, 'போன வருசமும் நீ இதத்தான் சொன்ன'ன்னாரு."