புலிக்கு முதுகு காட்டி நின்ற கிருபாபாய் டீச்சருக்கு

விலங்கியல் வகுப்பின் விளக்கே! இயற்கை மன்றத்தின் இதயமே! வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில், வாடகைப் பேருந்தில், வாந்திப் பை வழங்கிய வள்ளலே! சங்கரன்கோவிலில் எங்கள் மகளிர் மேனிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டு முகம் சுளிக்காமல் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் ஆசிரியை திருமதி கிருபாபாய் அவர்களே! வணக்கம்.

விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து நேரே வந்து, கண்ணெரிச்சலோடு இந்த மடலை எழுதியிருக்கிறோம். அலங்காரம் குறைந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். நாங்கள் மிகவும் களைத்திருக்கிறோம், டீச்சர். அந்தக் களைப்பில் பாதி நீங்கள் கொடுத்தது.

அரையாண்டு விடுமுறை வந்தால் ஊரார் உறங்குவார்கள். நாங்கள் உங்கள் பின்னால் காடு காடாக அலைவோம். தேக்கடியில் பனி விலகுமுன் முதல் படகு. அதில் போனால்தான் கரையில் யானை தெரியும் என்பீர்கள். முண்டந்துறையில் மழை விட்ட மறுநாள், டாப்சிலிப்பில் மூங்கில் காடு, பரம்பிக்குளத்தில் காட்டெருமைக் கூட்டம், கால் ஓய்ந்த நாளில் கூந்தன்குளத்துப் பறவைகள். எங்கே போகலாம், எப்போது போகலாம் என்று யார் கேட்டாலும் உங்களிடம்தான் அனுப்பி வைப்போம். புலி பார்த்தீர்களா என்று அவர்கள் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

அதைப் பார்க்க உங்களுக்கு எவ்வளவு ஆசை என்பது எங்களுக்குத் தெரியும். பார்க்க முடியாத காரணமும் தெரியும். சஃபாரி வண்டி காட்டுக்குள் நுழைந்ததும் ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காட்டுக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நிற்பீர்கள். உதட்டில் ஒரு விரல். கையை வெளியே நீட்டுகிறவள், கத்தப் போகிறவள், பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுகிறவள், அத்தனை பேரையும் கண்ணாலேயே அடக்குவீர்கள். எத்தனை முறை சொன்னாலும் உட்கார மாட்டீர்கள்.

கடந்த டிசம்பரில், உங்கள் கடைசிப் பயணத்தில், முதுமலையில் அது வந்தது. புதரிலிருந்து இறங்கி, வண்டிக்கு முன்னால் நிதானமாக நடந்து, மறுபக்கம் போயிற்று. பிள்ளைகள் ஒருத்தி விடாமல் பார்த்தார்கள். அரைத்தூக்கத்தில் இருந்த நாங்களும் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பு அபிதா அலறப் போனாள். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றீர்கள். நீங்கள் திரும்பியபோது பாதை வெறுமையாக இருந்தது.

ஊர் திரும்பும் பேருந்தில் ஷீஜா டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நொடி திரும்பியிருக்கக் கூடாதா என்று உங்களிடம் கோபித்துக்கொண்டார். அதற்கு நீங்கள் சொன்னது இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கட்டும் என்று அப்படியே எழுதுகிறோம்:

“விடுட்டி. அவ முகத்தைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். புலி எம்புட்டுன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு.”

சொல்லிவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டீர்கள். ராஜபாளையம் தாண்டி ஊர் வரும்வரை சாய்த்த தலையை எடுக்கவில்லை. களைப்பே அறியாதவர் என்று நாங்கள் நம்பியிருந்த உங்களை அன்றுதான் களைத்தவராகப் பார்த்தோம். எங்களுக்கு அது இன்னும் ஆறவில்லை.

பொன்னாடையும் நினைவுப் பரிசும் வழக்கம்போல் உண்டு. அவற்றோடு ஒரு செய்தியும் உண்டு. பள்ளி திறக்குமுன் நாம் மறுபடியும் முதுமலைக்குப் போகிறோம். உடம்பு கேட்கவில்லைதான், இருந்தாலும் வருகிறோம். பிள்ளைகள் யாரும் வரமாட்டார்கள், உங்களுக்கு அடக்குவதற்கு ஆள் இல்லை. முன் இருக்கையில், காட்டைப் பார்த்து, நீங்கள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அன்று புலி வராவிட்டால் இன்னொரு முறை போவோம்.

நோய் நெருங்கா உடலும், மங்காத கண்ணும், மலைச்சாலையின் குலுக்கலைத் தாங்கும் முழங்காலும் பெற்று நீங்கள் நெடுநாள் வாழ, அவரவர் கடவுளை வேண்டிக்கொள்கிறோம். சஃபாரி வண்டியில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காட்டுக்கு முதுகைக் காட்டி, நாங்கள் முறைவைத்து நிற்போம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். புலி வந்தால் எங்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

களைப்போடும் கனிவோடும்,
உங்கள் சக ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்,
சங்கரன்கோவில்