கோழிக்கூண்டின் சிவப்புக் கூரை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, மேகலா மேடம். பேச ஆள் வந்தால் எனக்குக் கை தாராளமாகிவிடும். குடித்துக்கொண்டே கேளுங்கள். என் வாசல் கிணற்றடியில் உங்கள் துறை நட்டுவிட்டுப் போன எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கியது யார் என்று ஊரெல்லாம் விசாரித்தீர்களாமே. நேரே இங்கே வந்திருக்கலாம். நான்தான்.

அந்தச் சிவப்புப் பலகை எங்கேயும் போகவில்லை. அதோ, கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடக்கிறது. மண்டையோட்டுப் படம் உள்பக்கம். கோழிகள் தினமும் அண்ணாந்து படிக்கின்றன. ஒன்றும் முட்டையைக் குறைக்கவில்லை.

இந்தச் சுரங்கத்தில் தங்கம் தோண்டிய காலத்தில் நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிச்சத் தூளை வெளியே மேடாகக் கொட்டுவோம். தங்கம் முதலாளி மனைவியின் மூக்குத்திக்குக்கூடப் போதவில்லை. தூள் மட்டும் ஜவளகிரிக் காட்டு யானைகள் அத்தனையும் வந்து படுத்துப் புரளும் அளவுக்குச் சேர்ந்தது. அந்தத் தூளில் ஆர்சனிக் என்ற விஷம் இருந்தது. மழைக்கு மழை அது இந்தக் கிணற்றில் இறங்கியது. சோதித்துச் சொன்னவனே நான்தான்.

சுரங்கத்தை மூடினார்கள். குவார்ட்டர்ஸ் காலியானது, நாங்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டோம். மனைவி சாந்தம்மா போய்ச் சேர்ந்தாள். மகன் பாலாஜி பெங்களூரில் இருக்கிறான். நமக்குத்தான் அது பஸ் தூரம், அவனுக்கு அமெரிக்கா. சுவர்ப் பல்லிக்குப் பெயர் வைத்து அதனுடன் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சண்டைக்குப் பிறகு அதுவும் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

ஊரில் போர்வெல் வற்றிய கோடையில்தான் குடங்கள் வந்தன. இந்தக் கிணறு வற்றாது. வந்தவர்கள் மேட்டையும் பார்த்தார்கள். கோடையில் ஏரி வண்டலை அள்ளி நிலத்துக்கு அடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம் இல்லையா. தூளும் பார்ப்பதற்கு வண்டல் மாதிரியே சாம்பல் நிறம். "இது நல்ல வண்டலுங்களா?" என்று தக்காளி போடும் நாராயணப்பன் கேட்டான். "வண்டலுக்கே அப்பன்டா. போட்டுப் பாரு, தக்காளிய ரம்பம் வெச்சுத்தான் அறுக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே டிராக்டரைக் கொண்டுவந்தான். வாசலில் சக்கரத் தடம் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது.

அப்புறம் உங்கள் ஆட்கள் வந்து பலகை நட்டார்கள். அன்றோடு ஒரு குடமும் வரவில்லை. பொறுத்துப் பார்த்தேன். பிறகு பிடுங்கிவிட்டு, "தண்ணி சுத்தமாயிடுச்சாம், ஆபீசருங்களே பலகைய எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று டீக்கடையில் சொன்னேன். மறுபடியும் வந்தார்கள்.

முனிலட்சுமி அப்படி வந்தவள்தான். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வருவாள். தண்ணீரும் இங்கேதான், கத்தரிப் பாத்திக்கு மண்ணும் இங்கேதான். ஒரு நாள் உள்ளங்கையைக் காட்டினாள். தோல் தடித்துப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"தாத்தா, கம்பெனி மிஷினு என் கட்டவெரல ஆருன்னு கேக்குது. பாத்தரம் தேச்சே ரேகை போயிட்டாப்ல இருக்குது."

"நீ ராணியாயிட்ட புள்ள. ராணிங்களுக்கு ரேகையே கெடயாது."

"உன் பொய்ய ஏத்த ஒரு லாரி வேணும் தாத்தா."

பார்த்ததுமே இது கிணற்று ஆர்சனிக்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ரேகை பதியாமல் வேலை போனதும் அவள் காலை மாலை இரண்டு வேளையும் வர ஆரம்பித்தாள். அந்த ஒரு வருஷம்தான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை நானே கெடுத்துக்கொள்வேனா?

வயிற்று வலி என்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு கேட்டாள்: "தண்ணியில ஏதாச்சும் இருக்குமா தாத்தா? டாக்டரு கேக்கறாரு."

"இருக்குது புள்ள. ஆர்சனிக்கு. குடிச்சா கையி மரப்பட்டையாயிடும். அப்பறம் குருவி வந்து கூடு கட்டும்."

அந்த வலியோடும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பாதது அவள் பாடு.

போன மாதம் அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்தார்கள். ஊரில் என்னைப் போல அழுதவர் யாரும் இல்லை. அதன் பிறகு இந்த வாசலை மிதித்த முதல் ஆள் நீங்கள்.

ஏன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? பயப்படாதீர்கள், இது கேன் தண்ணீர். குருபரப்பள்ளியிலிருந்து எனக்கு வாரம் தவறாமல் வருகிறது. சுரங்க வேலைக் காலத்திலிருந்தே அந்தக் கிணற்றில் நான் வாய் வைத்ததில்லை. வருகிறவர்களுக்கு ஒரு குறையும் வைக்காதவன் நான்.

நாளைக்கும் விசாரணைக்கு வருவீர்கள்தானே? சர்க்கரையைக் குறைத்துப் போடுகிறேன்.